புற்றுநோயும் புரோட்டான் கதிர்ச் சிகிச்சையும்

(ஆலயத் திருவிழாவையொட்டி ஜெராமில் நடைபெற்ற நல்வாழ்வுக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் இவ்வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். அரசு மருத்துவமனையொன்றின் கதிர்ச் சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)



திருவிழாக் காலத்தில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று செயலாளரிடம் தயங்கியபடியே கேட்டேன். "ஊர் முழுவதும் ஒன்றுகூடும் நாள் இது ஒன்றுதானே ஐயா! இன்று பேசாவிட்டால் வேறு என்று பேசுவது?" என்றார் அவர். அவர் கூறியது உண்மையே. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போன இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. நம் மக்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் பெயர்ந்து சென்றனர். ஆயினும் திருவிழா என்றால் ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், தஞ்சோங் காராங் என எல்லாப் பக்கமிருந்தும் இங்கு வந்து கூடுகிறோம். குடும்பம் முழுவதும் ஒருங்கே அமர்ந்திருக்கும் இவ்வேளையில் குடும்பம் முழுவதற்கும் உரிய செய்தியொன்றைச் சொல்வது பொருத்தமே.

நான் மருத்துவன் அல்லன். மருத்துவர் குறித்துத் தரும் அளவுப்படி நோயாளியைக் கருவியின் கீழ்ப் படுக்கவைத்து, இம்மியும் பிசகாமல் கதிரைச் செலுத்தும் பணியில் இருந்தவன். ஆகவே, எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று நான் இங்குத் தீர்ப்புக் கூறப் போவதில்லை. நான் கண்டதையும் கற்றதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

இந்தத் தலைப்பு ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன், எனக்குத் தெரிந்த குடும்பத்து இளைஞர் ஒருவர் என் வீடு தேடி வந்தார். அவருடைய தந்தையார்க்கு வாயில் புற்றுநோய். அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்குப் பின் கதிர்ச் சிகிச்சை என்றும் கூறியிருந்தார்கள். "ஐயா, புரோட்டான் என்று ஒன்று வந்திருக்கிறதாமே! கத்தியும் வேண்டாம், பக்க விளைவும் இல்லையாமே! வெளிநாட்டுக்குப் போனால் அப்பாவைக் காப்பாற்றிவிடலாமாமே! வீட்டை விற்றாவது செய்துவிடலாம் என்று இருக்கிறோம்" என்றார். அவர் கைப்பேசியில் அது பற்றிய படமும் இருந்தது.

"விசாரித்துச் சொல்கிறேன் தம்பி" என்றேன். நான் செய்த பிழை அதுதான். "முதலில் குறித்த நாளில் அறுவைக்குப் போங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்" என்று அன்றே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் அறுவை நாளைத் தள்ளிப்போட்டார்கள். வீட்டுக்கு விலை பேசினார்கள். உறவினரிடம் பணம் திரட்டினார்கள். இரண்டு மாதங்கள் ஓடின. இறுதியில் வெளிநாட்டு மருத்துவர் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு, "இந்நோய்க்கு முதலில் அறுவைதான், காலம் தாழ்த்தாதீர்கள்" என்று பதில் எழுதினார். அதற்குள் நோய் கழுத்துக் கட்டிகளுக்குப் பரவியிருந்தது. தந்தையார் அதற்குப் பின் ஓராண்டுதான் இருந்தார். முன்பே அறுவை நடந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை இறைவன் ஒருவனே அறிவான். ஆனால் அவருக்கு இருந்த நல்வாய்ப்பு அந்த இரண்டு மாதங்களில் குறைந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

புரோட்டான் சிகிச்சை பொய்யா? இல்லை, மெய்யான, மிக உயர்ந்த மருத்துவம். ஆனால் அது யாருக்கு உரியது, யாருக்குத் தேவையில்லை என்று அறியாமல் அதன் பின்னால் ஓடினால், கையிலிருக்கும் நல்ல மருத்துவத்தையும் இழந்துவிடுவோம். இதுவே இன்று நான் சொல்ல வந்த செய்தியின் சாரம்.

கதிர் என்ன செய்கிறது?

கதிர்ச் சிகிச்சையை நம்மவர் பலர் 'கரண்டு வைப்பது' என்பார்கள். அச்சொல்லைக் கேட்டே அஞ்சிச் சிகிச்சைக்கு வர மறுத்த மூதாட்டிகளை நான் கண்டிருக்கிறேன். உடலில் மின்சாரம் எதுவும் பாய்ச்சப்படுவதில்லை. 1895ஆம் ஆண்டு செர்மானிய அறிஞர் இரோண்ட்கன் கண்டறிந்த எக்ஸ் கதிரின் வலிமை மிக்க வடிவமே பெரும்பாலான மருத்துவமனைகளில் பயன்படுகிறது. கதிர் படும்போது வலி தெரியாது; சூடும் தெரியாது. வெளியிலிருந்து செலுத்தப்படும் இக்கதிர் உடலில் தங்குவதுமில்லை. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் பேரக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும், அது எவ்வாறு இயங்க வேண்டும் என்பதைப் பொறித்துவைத்த மரபிழை உண்டு. கதிர் அந்த இழையை அறுக்கிறது. நல்ல உயிரணுவாயின் அறுந்த இழையை ஓரளவு பழுது பார்த்துக்கொள்ளும். புற்றுநோய் உயிரணுவுக்கு அத்திறன் குறைவு. அதனால்தான் முழு அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல், பல வாரங்களுக்குச் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுக்கிறோம். நல்லது தேறிக்கொள்ளும், கெட்டது தேய்ந்து மடியும்.

ஆனால் எக்ஸ் கதிருக்கு ஒரு குணம் உண்டு. அது உடலின் ஒரு பக்கம் புகுந்து, தோலுக்குச் சற்று உள்ளே மிகுந்த ஆற்றலை விட்டு, போகப் போகக் குறைந்து, கட்டியைத் தாண்டி மறுபக்கம் வழியாக வெளியேறும். கட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள நல்ல உறுப்புகளும் அதன் வழியில் அகப்படுகின்றன. இதை ஈடுசெய்யவே இக்காலக் கருவிகள் உடலைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து மெல்லிய கதிர்களைச் செலுத்திக் கட்டியில் ஒன்றுசேர்க்கின்றன. அவ்வாறு செய்வதால் நல்ல உறுப்புகள் பெருமளவு காக்கப்படுகின்றன. நம் நாட்டு அரசு மருத்துவமனைகளின் கதிர்ச் சிகிச்சைப் பிரிவுகளிலும் இம்முறை உண்டு.

உளியும் பட்டையும்

புரோட்டானின் சிறப்பை விளக்க எனக்கு ஓர் உவமை போதும். அதை நான் கற்றது கல்லூரியில் அன்று. என் தாயாரின் பால்வெட்டு நிரையில்.

விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு என் தாயார் மரத்துக்கு மரம் போவார். பள்ளி விடுமுறையில் மங்கு துடைக்க நானும் பின்னால் போவேன். பால் மிகுதியாக ஊறுவது பட்டையின் அடிப்பகுதியில், மரத்தை ஒட்டிய இடத்தில். உளி மேலாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போய் உள்தோலைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகப் புடைத்து, பின்னாளில் வெட்டுக்கே ஆகாமற் போகும். கங்காணியின் ஏச்சும் உண்டு. ஒரு மயிரிழை அளவுக்குள் உளி நிற்க வேண்டும். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதைவிட, எங்கே நிற்க வேண்டும் என்பதே பால்வெட்டுக்காரரின் திறமை.

எக்ஸ் கதிர் நிற்கத் தெரியாத உளி. புரோட்டான், சொன்ன ஆழத்தில் நிற்கும் உளி.

புரோட்டான் என்பது அணுவின் நடுக்கருவில் உள்ள நேர்மின் துகள். எலெக்ட்ரானைப் போல் ஏறத்தாழ 1836 மடங்கு எடையுடையது. சைக்ளோட்ரான் போன்ற பெருங்கருவியில் அதைச் சுழற்றி, ஒளியின் வேகத்தில் பத்தில் ஆறு பங்கு வரையிலும் விரைவேற்றி, நோயாளியின் உடலில் செலுத்துகிறார்கள். விரைந்து செல்லும்போது அது வழியிலுள்ள அணுக்களுக்குச் சிறிதளவு ஆற்றலே தருகிறது. வேகம் குறையக் குறைய ஒவ்வோர் அணுவின் அருகிலும் கூடுதல் நேரம் தங்குவதால், விடுகின்ற ஆற்றலும் கூடுகிறது. நிற்கப்போகும் இடத்தில் எஞ்சிய ஆற்றல் பெரும்பாலும் ஒரேயடியாக வெளிப்பட்டு, அத்துடன் அது நின்றுவிடுகிறது.

நம் திருவிழா இரதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விரைந்து செல்லும் சாலையில் ஓரிரு தட்டுகளே ஏற்கப்படும். மெல்ல நகரும் தெருவில் வாசலுக்கு வாசல் நிற்கும். கடைசித் தெருவில் எஞ்சிய பிரசாதமெல்லாம் வழங்கப்பட்டு, இரதம் நிலைக்கு வந்துவிடும். அதற்கு அப்பால் போகாது. புரோட்டான் வழங்குவது பிரசாதம் அன்று, ஆயினும் அதன் நடை இதுதான்!

துகள் நிற்கும் இடத்தில் ஆற்றல் உச்சத்தை எட்டும் இவ்வியல்பு, அதை 1900களின் தொடக்கத்தில் வேறொரு வகைத் துகளில் கண்டறிந்த வில்லியம் பிராக் என்ற அறிஞரின் பெயரால் 'பிராக் உச்சம்' எனப்படுகிறது. புரோட்டானின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், 4 சென்டிமீட்டர் ஆழத்திலும் நிறுத்தலாம். 30 சென்டிமீட்டர் ஆழத்திலும் நிறுத்தலாம். நம் பெண்மணிகள் வாசலில் புள்ளி வைப்பது போலக் கட்டியின் வடிவத்தைப் புள்ளி புள்ளியாக, அடுக்கடுக்காக நிரப்பிவிடும் முறையும் வந்துள்ளது.

போரிலிருந்து பிறந்த மருத்துவம்

இதன் வரலாறும் அறியத்தக்கது. இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டு ஆக்கும் பணியில் ஈடுபட்டிருந்த அமெரிக்க இயற்பியலறிஞர் இராபர்ட் வில்சன், போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், புரோட்டானைப் புற்றுநோய் மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று கட்டுரை எழுதினார். அழிக்கும் ஆற்றலை ஆக்கத்துக்குத் திருப்ப வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. 1954இல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. இயற்பியல் ஆய்வுக்கூடங்களிலேயே நெடுநாள் அடங்கிக் கிடந்த இம்மருத்துவம், 1990இல் அதே கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் மருத்துவமனைக்கென்றே அமைந்த பெரிய நிலையமாக உருப்பெற்றது. இன்று உலகில் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் இச்சிகிச்சை பெற்றுள்ளனர்.

பெர்க்லியில் முதல் நோயாளி சிகிச்சை பெற்ற அதே 1954இல்தான், சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அம்மையாரை அப்பணிக்குத் தூண்டியது. 12 படுக்கைகளுடன் எளிய குடில்களில் தொடங்கிய அம்மருத்துவமனையை, அவர்தம் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தா அம்மையாரும் ஏழைகளின் புகலிடமாக வளர்த்தார்கள். 2021இல் மறையும் வரையில் சாந்தா அம்மையார் அப்பணியிலேயே இருந்தார்.

அடையாற்றுக்கு அண்மையிலுள்ள தரமணியில், 2019ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அப்பல்லோ புரோட்டான் புற்றுநோய் மையத்தை அந்நாள் இந்தியத் துணைக் குடியரசுத் தலைவர் வெங்கையா நாயுடு திறந்துவைத்தார். தெற்காசியாவில் அதுவே முதலாவது. 2023இல் நவி மும்பையின் கார்கரில், இந்திய அரசின் அணுசக்தித் துறையைச் சார்ந்த டாட்டா நினைவு மையமும் இச்சிகிச்சையைத் தொடங்கியது. நமக்கு வடக்கே பாங்காக்கின் சூலாலங்கோன் மருத்துவமனையில் 2021இலும், தெற்கே சிங்கப்பூரின் தேசியப் புற்றுநோய் மையத்திலும் மவுண்ட் எலிசபெத் நொவேனா மருத்துவமனையிலும் 2023இலும் இச்சிகிச்சை தொடங்கியது.

இவ்வளவு நாளாகியும் ஊருக்கு ஊர் இது ஏன் வரவில்லை? கருவியைப் பார்த்தால் விளங்கிவிடும். சைக்ளோட்ரானே இருநூறு டன்னுக்கும் மேல் எடையுள்ளதாக இருக்கலாம். கதிரை நோயாளியைச் சுற்றித் திருப்பும் இரும்புக் கூடு மூன்று மாடி உயரம் கொண்டது. கதிர் கசியாதிருக்க இரண்டு மீட்டருக்குக் குறையாத கற்காரைச் சுவர்கள் தேவை. ஆகவே செலவும் அதற்கேற்பவே. சென்னையில் பல இலட்சம் ரூபாய். சிங்கப்பூரில் அதனினும் மிகுதி. அங்குத் தங்கும் வாரங்களின் வாடகையும் உணவும் உடனிருப்பவரின் ஊதிய இழப்பும் வேறு.

யாருக்கு இது உரியது?

இப்பகுதியைத் தாய்மார்கள் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன்.

முதலாவது, குழந்தைகள். மூளையிலோ தண்டுவடத்திலோ புற்றுக்கட்டி வந்த குழந்தைக்குக் கதிர் தேவைப்படும்போது, வளர்கின்ற மூளையும் எலும்பும் செவியும் இதயமும் அக்கதிரின் வழியில் அகப்படக் கூடாது. கட்டி ஒழிந்த பின் அக்குழந்தை இன்னும் அறுபது, எழுபது ஆண்டுகள் வாழ வேண்டுமன்றோ? பள்ளியில் படிக்க வேண்டும். உயரமாக வளர வேண்டும். பின்னாளில் கதிரினாலேயே மற்றொரு புற்று வராதிருக்கவும் வேண்டும். தேவையற்ற இடத்தில் கதிர் படுவதைக் குறைக்கும் புரோட்டான் இங்கே பெருந்துணை. மூளைக்கட்டி நீங்கிய குழந்தைகளின் அறிவுத்திறன், புரோட்டான் பெற்றவர்களிடம் கூடுதலாகக் காக்கப்படுகிறது என்று ஆய்வுகள் சுட்டுகின்றன.

இரண்டாவது, கண்ணுக்குள் வரும் சிலவகைப் புற்று. மண்டையோட்டின் அடிப்பகுதியிலும் முதுகெலும்பை ஒட்டியும் வரும் கட்டிகள். பார்வை நரம்புக்கும் மூளைத்தண்டுக்கும் ஒரு நெல்மணி அளவு தொலைவில் கட்டி இருக்கும்போது, நிற்கத் தெரிந்த உளியே வேண்டும்.

மூன்றாவது, ஒரு முறை கதிர் பெற்ற இடத்திலேயே மீண்டும் கட்டி தோன்றி, இன்னொரு முறை கதிர் கொடுக்க வேண்டிய நிலை.

மற்றவற்றில்? ஆண்களுக்கு வரும் புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 450 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் புரோட்டானும் மற்றப் பிரிவினர்க்கு நவீன எக்ஸ் கதிரும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2024இல் வெளியாயிற்று. நோய்க் கட்டுப்பாட்டிலும் சரி, குடல், சிறுநீர்த் தொல்லைகளிலும் சரி, இரு பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தொண்டைப் புற்றுநோயில் வந்த ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று முற்றும் ஒத்திருக்கவில்லை. உடலெங்கும் பரவிவிட்ட நோய்க்கோ, ஓரிடத்தை மட்டும் குறிவைக்கும் புரோட்டான் தீர்வாகாது.

அன்றியும், கூர்மைக்கே உரிய இடர்ப்பாடும் உண்டு. சிகிச்சைக் காலத்தில் நோயாளி இளைத்துவிட்டாலோ, கட்டி சுருங்கிவிட்டாலோ, மூச்சில் உறுப்பு அசைந்தாலோ, புரோட்டான் நிற்கும் இடம் சில மில்லிமீட்டர் மாறிவிடும். கை நடுங்கினால் உளி ஆழ்வது போலத்தான். அதனால் இடையிடையே மீண்டும் படமெடுத்துத் திட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கும். 'பக்க விளைவே இல்லை' என்பதும் உண்மையன்று. கதிர் படும் இடத்துக்குரிய விளைவுகள் இதிலும் உண்டு.

செல்வம் மிக்க பிரிட்டனே எவ்வாறு நடந்துகொண்டது என்று பாருங்கள். கண் புற்றுக்கான சிறிய கருவி மட்டுமே இருந்த காலத்தில், தகுதியுள்ள நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து அரசுச் செலவில் வெளிநாட்டுக்கு அனுப்பியது. பின்னர் 2018இல் மான்செஸ்டரிலும் 2021இல் இலண்டனிலும் இரண்டு அரசு நிலையங்களை அமைத்தது. ஆறு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு இரண்டே நிலையங்கள்! அங்கும் குழந்தைகளுக்கும் அரிய கட்டிகளுக்குமே முன்னுரிமை. மற்றவர்கள் வழக்கமான கதிரிலேயே நலம் பெறுகிறார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று எண்ணும் நாம் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

நம் வாயில் தொடங்கும் நோய்

நம் நாட்டுத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012 முதல் 2016 வரை கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் மருத்துவரிடம் வந்திருக்கிறார்கள். அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் அது 59ஆக இருந்தது. கருவிகள் கூர்மையாகிக்கொண்டே போகின்றன; நாமோ மேலும் காலந்தாழ்ந்து போகிறோம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மலேசிய இனங்களுள் வாய்ப் புற்றுநோய் இந்தியரிடையே, அதிலும் பெண்களிடையே, மிகுந்து காணப்படுகிறது. வெற்றிலை பாக்குடன் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிவைக்கும் பழக்கமே இதற்குத் தலையாய காரணம். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்று விளைவிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003இல் அறிவித்தது. தாம்பூலத் தட்டை நான் குறை கூறவில்லை. அது நம் மரபின் மங்கலச் சின்னம். தட்டில் வைத்து மதிப்புச் செய்வோம். நாள் முழுதும் கன்னத்தில் அடக்கிவைப்பதைத்தான் விட வேண்டும்.

என் தாயார் அந்தப் பழக்கம் உடையவர். நிரையில் பசி தெரியாமலிருக்க அதுவே துணை என்பார். கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு ஒன்று வந்தது. பிறகு ஆறாத புண் ஆயிற்று. தங்கையின் திருமணம் முடியட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் மறைத்தார். திருமணம் முடிந்ததும், திருவிழா முடியட்டும் என்றார். தோட்டத்து டிரஸ்ஸர் பார்த்த அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். ஆனால் காலம் கடந்துவிட்டது. நான் கதிர்ச் சிகிச்சைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்ததற்கு அவரே காரணம். மூன்று வாரம் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாமை, கழுத்தில் கட்டி, மார்பில் கட்டி, காரணமில்லாத இரத்தப்போக்கு ஆகியவற்றுள் எதுவானாலும் நல்ல நாள் பார்த்துக் காத்திருக்காதீர்கள். தொடக்கத்திலேயே கண்டுகொண்ட வாய்ப் புற்றைப் பெரும்பாலும் சிறு அறுவையிலேயே குணப்படுத்திவிடலாம். அதற்குப் புரோட்டானும் வேண்டாம், வீட்டை விற்கவும் வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஒருவேளை நம் வீட்டில் எவருக்கேனும் இந்நோய் வந்துவிட்டால், மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். நோய் எந்த நிலையில் இருக்கிறது? அளிக்கப்போகும் சிகிச்சை முற்றும் குணப்படுத்தவா, துன்பத்தைத் தணிக்கவா? இந்த நோய்க்கு, இந்த இடத்துக்கு, வழக்கமான கதிரைவிடப் புரோட்டான் மிகுதியான நன்மை தரும் என்பதற்குச் சான்று உண்டா? அதற்காகக் காத்திருந்தால் நோய் என்ன ஆகும்?

குழந்தையாக இருந்தாலோ, கட்டி மூளையடியிலோ தண்டுவடத்தருகிலோ கண்ணிலோ இருந்தாலோ, புரோட்டானைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. நம் மருத்துவரே அறிக்கைகளை உரிய மையத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க முடியும். நோயாளி விமானம் ஏறுமுன்பே விடை தெரிந்துவிடும். ஆனால் இங்குக் குறித்துத் தந்த நாளை, மறுவிடை கைக்கு வரும் வரை, ஒருபோதும் கைவிடாதீர்கள்.

புத்ராஜெயாவில் 2013 முதல் இயங்கிவரும் தேசியப் புற்றுநோய்க் கழகத்திலும், கோலாலம்பூரில் உள்ள அரசு, பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் கதிர்ச் சிகிச்சை உண்டு. 2019இல் தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டத்தில், குறைந்த வருமானத்தினர்க்கு இலவச உடற்பரிசோதனையுடன், புற்றுநோய்ச் சிகிச்சையை இடையில் விடாமல் முடிப்பவர்க்கு ஊக்கத்தொகையும் போக்குவரத்து உதவியும் சேர்க்கப்பட்டன. இவற்றைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டாம்.

ஆலயம் செய்யக்கூடியது

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தில், மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் என்கிறார் வள்ளுவப் பெருந்தகை. நோயாளி ஒருவர், மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, நான்காவதாக, பக்கத்திலிருந்து பேணுபவர். முதல் மூன்றையும் பற்றியே நாம் பேசுகிறோம். நான்காமவரை மறந்துவிடுகிறோம்.

கதிர்ச் சிகிச்சை என்பது வாரத்தில் ஐந்து நாள், ஐந்து ஆறு வாரம் தொடர்ந்து போக வேண்டியது. ஜெராமிலிருந்து புத்ராஜெயாவுக்கோ கோலாலம்பூருக்கோ நாள்தோறும் போய்வர வண்டி வேண்டும். உடன் வர ஆள் வேண்டும். மகன் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும். அதனால் பாதியில் நின்றுபோன நோயாளிகள் பலரை நான் அறிவேன். வரவேண்டியவர் வராமல் படுக்கை வெறுமையாகக் கிடந்த நாள்கள் என் நினைவில் இன்னும் உள்ளன. உலகின் மிகக் கூர்மையான கதிரும், வராத நோயாளியைக் குணப்படுத்தாது.

ஆகவே செயலவையினர்க்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. வண்டி வைத்திருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் பத்துப் பேரின் பெயர்ப் பட்டியலை ஆலய அலுவலகத்தில் வைப்போம். சிகிச்சைக்குப் போகவேண்டியவர் பெயர் தந்தால், முறை வைத்து அழைத்துச் செல்வோம். பட்டியலில் முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அந்த இளைஞர்க்கு அன்று நான் சொல்லத் தவறிய சொல்லுக்கு என்னால் செய்யக்கூடிய ஈடு அதுவே.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம். அச்செல்வத்தை இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வாராக. நோய் வந்தாலும் அஞ்சாமல், மறைக்காமல், காலந்தாழ்த்தாமல், ஒருவர்க்கொருவர் துணைநின்று அதை வெல்லும் மனவலிமையை அருள்வாராக.